பூட்டிய கம்பெனிக்கு வந்த தபால்

என் அன்பு அத்தாவுக்கு,

ஸலாம். போன வெள்ளிக்கிழமை உங்களுக்கு இரண்டாம் வருஷ ஃபாத்திஹா ஓதினோம். நெய்ச்சோறு நன்றாக வந்திருந்தது. தாளிச்சாவில்தான் உப்பு ஒரு கல் கூடிவிட்டது. பள்ளிவாசல் ஹஜரத் உங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். பொறுமைசாலி, யாரிடமும் எதையும் போய்க் கேட்காதவர் என்றார். வந்தவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. யாரிடமும் எதையும் கேட்காத உங்கள் குணத்தால் நாங்கள் படுகிற பாடு ஹஜரத்துக்கு எங்கே தெரியும்?

இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் இருந்தபோது விஷயம் எனக்குத் தெரியாது. விஷயம் தெரிந்தபோது நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். உங்களைப் போலப் பட்டாளத்துக்குப் போய் வந்துவிட்டு, ‘காகிதம் வரும், காகிதம் வரும்’ என்று சாய்வு நாற்காலியில் காத்திருக்கும் மனிதர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளாவது தப்பிக்கட்டும்.

எல்லாம் அம்மாவின் கண்ணில் ஆரம்பித்தது. நீங்கள் போன கொஞ்ச நாளிலேயே அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை, வாசலில் நிற்பவர் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். முன்னாள் படைவீரர் குடும்பத்துக்கு மருத்துவ அட்டை உண்டு, அதைக் காட்டினால் பெரிய ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்ப்பார்கள் என்று எங்கள் பிரஸ் மேனேஜர்தான் சொன்னார். நான் இன்னும் திருத்தங்கலில் அதே காலண்டர் பிரஸ்ஸில்தான் புரூப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த மனுஷர் சீசனில் லீவு கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரே தவிர, யோசனை சொல்வதில் குறை வைக்க மாட்டார். சரி, போருக்கே போய் வந்தவரின் மனைவிக்கு ஓர் அட்டை தரவா யோசிப்பார்கள் என்று நான் விருதுநகருக்கு பஸ் ஏறினேன்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பட்டாளத்தில் ஏழு வருஷம் முடித்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் முழுதாக விட்டுவிட மாட்டார்கள். ரிசர்வ் என்று வைத்திருப்பார்கள். ஊரில் உங்கள் வேலையைப் பார்க்கலாம், போர் என்று வந்தால் அழைப்பு வரும், கிளம்பியாக வேண்டும். நீங்கள் அப்படி ஊருக்கு வந்து, பழையபடி பட்டாசுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அம்மாவைக் கட்டி, இரண்டு தீபாவளி முடிவதற்குள் பங்களாதேஷ் போர் வந்துவிட்டது. நீங்கள் போனீர்கள். முடிந்ததும் வந்தீர்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை இவ்வளவுதான்.

வடக்கே உங்கள் பட்டாளத்து ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகத்துக்கோ வேறு கதை தெரிந்திருக்கிறது. விருதுநகரிலிருந்து எழுதிக் கேட்டு, பல மாதம் கழித்து வந்த பதிலில் உங்களைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. ‘போர்க்கால அழைப்புக்கு ஆஜராகவில்லை, ரிசர்விலிருந்து நீக்கப்பட்டார்.’

நான் திரும்பத் திரும்பப் படித்தேன், அத்தா. நாள் முழுக்க எழுத்துப் பிழை தேடுகிறவள் நான். அதில் ஓர் எழுத்துக்கூடப் பிழை இல்லை. மொத்தமும் பொய்.

விருதுநகர் அலுவலகத்தில் இருந்த எழுத்தர் நல்ல மாதிரி. இளவயது, ராஜபாளையம் பக்கத்துக்காரர். “அக்கா, இந்த வரிய மாத்துறது லேசுப்பட்ட வேல இல்ல. அம்மாவுக்குக் கண்ணுதான ஆபரேசன் பண்ணணும்? கவர்மெண்ட் காப்பீட்டு அட்டையில பண்ணிருங்க. இத இப்படியே விட்டுருங்க” என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. வீட்டில் வந்து சொன்னேன். மறுநாள் காலையில் நான் பிரஸ்ஸுக்குக் கிளம்பும்போது பார்த்தால் புர்கா போட்டு, செருப்பும் போட்டு, கதவோரம் நிற்கிறார். எங்கே என்றேன். விருதுநகருக்கு என்றார்.

அந்த நாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இல்லை, பார்க்காமல் இருந்ததே நல்லது.

எழுத்தர் எழுந்து நாற்காலி போட்டார். அம்மா உட்காரவில்லை. “ஏன் தம்பி, அவுக போகலன்னு யாரு சொன்னது?” என்றார்.

“நான் சொல்லலம்மா. பேப்பர்ல அப்படி இருக்கு.”

“அவுக போனாக.”

“நான் நம்புறேம்மா. அங்க இருக்கவுக நம்பணும்ல? போனதுக்கு ஏதாச்சும் இருந்தாக் குடுங்க. போட்டோ, மெடல், கடுதாசி, எதுனாலும் சரி. போன எடத்துல இருந்து கடுதாசி போட்டாகளா?”

“போட்டாக. அடுப்புல வச்சு எரிச்சிட்டேன்.”

எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். எனக்கே அது புதுச் செய்தி.

“அவுக போகும்போது நான் நெறமாசம்” என்றார் அம்மா. சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. “ஆம்பளப் புள்ள பெறந்துச்சு. காய்ச்சல்ல போயிருச்சு. அடக்குன பெறவு கடுதாசி வருது, புள்ள எப்படி இருக்கான், யாரு சாடைன்னு கேட்டு. அந்தக் கோவத்துல இருந்த கடுதாசி அம்புட்டையும் அடுப்புல போட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க தம்பி. போகாம இங்கனயே இருந்திருந்தாகன்னா, எம்புள்ளைய ஒருதரமாச்சும் கையில தூக்கியிருப்பாகல்ல? போகலன்னு எழுதினவன் யாரு? அவன வரச் சொல்லுங்க. நான் கேக்கணும்.”

எனக்கு முன்னால் ஒரு பிள்ளை இருந்து இறந்துபோனது என்று அரைகுறையாகத் தெரியும். நீங்கள் இல்லாதபோது பிறந்து, நீங்கள் வருவதற்குள் போய்விட்டான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஏன் அத்தா, இத்தனை வருஷத்தில் நீங்கள் இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொன்னதே இல்லை? ஊருக்கு நான்தான் உங்கள் மூத்த பிள்ளை. எல்லா விண்ணப்பத்திலும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா குடித்தார். பிறகு என்னிடம் சொன்னார், “அந்த வரி போற வரைக்கும் எனக்கு எந்த அட்டையும் வேணாம். ஆபரேசனும் வேணாம்.”

எப்படி இருக்கிறது? உங்கள் பிடிவாதம் ஒன்றுதான் வீட்டில் உண்டு என்று நினைத்திருந்தேன். கண்ணுக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒருநாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். “நீ சாப்புடாட்டி ஒனக்குத்தான் வயிறு காயும்” என்றார். கண்ணில் பால் போல மூடிக்கொண்டே வருகிறது. இந்தப் பக்கம் இவர் அசைய மாட்டேன் என்கிறார், அந்தப் பக்கம் அந்த வரி அசைய மாட்டேன் என்கிறது. நடுவில் நான் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன்.

ஏன் அப்படி எழுதினார்கள் என்று கேட்டு மறுபடி எழுதினோம். அதற்கு வந்த பதிலைப் பார்த்துத்தான் எனக்கு உங்கள் மேல் உண்மையான கோபம் வந்தது. அழைப்பை அவர்கள் ஒழுங்காகத்தான் அனுப்பியிருக்கிறார்கள், ரிஜிஸ்டர் தபாலில். நீங்கள் கொடுத்த முகவரிக்கு. அதுதான் திரும்பி வந்துவிட்டதாம், ‘கம்பெனி பூட்டியுள்ளது’ என்று.

கம்பெனி! வீட்டு முகவரி கேட்ட பட்டாளத்துக்குப் பட்டாசுக் கம்பெனி முகவரியைக் கொடுத்த ஒரே மனிதர் நீங்களாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். விசாரித்தால் ஊரே அப்படித்தானாம். சந்து வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. தபால்காரர் சந்துக்குள் வர மாட்டார். கம்பெனிக்கு ஆர்டர் கடிதங்கள் வருவதால் தினமும் சைக்கிளில் வந்து நிற்பார். கல்யாணப் பத்திரிகை, மணியார்டர், எல்லாமே ‘மேற்படி கம்பெனி மூலமாக’ என்றுதான் வருமாம். பிழைப்பே அங்கேதான் என்பதால் வீடும் அதுதான் என்று எழுதிவிட்டீர்கள். தீபாவளி முடிந்தால் கணக்குத் தீர்த்து, பூசை போட்டு, கம்பெனியைப் பூட்டிவிடுவார்கள், தை பிறந்த பிறகுதான் திறப்பார்கள் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நடுவில் போர் வரும் என்று நீங்கள் எதிர்பார்க்கவில்லையோ?

இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. அந்த வருஷம் கம்பெனி பூட்டியிருந்தது என்பதற்குச் சான்று வேண்டும் என்றார்கள். உங்கள் பழைய முதலாளியின் பேரன்தான் இப்போது கம்பெனியைப் பார்க்கிறார். போய்க் கேட்டேன். நம்ப முடியாமல் என்னைப் பார்த்தார். “தீவாளி முடிஞ்சாக் கம்பெனியப் பூட்டுறது சிவகாசியில காக்கா குருவிக்கும் தெரியும். அதுக்கு லெட்டர் பேடுல எழுதித் தரணுமா, அக்கா?” என்றார். “காக்கா குருவி கையெழுத்துப் போடாது தம்பி, நீங்க போடுங்க” என்றேன். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். போகும்போது, “எங்க தாத்தா ஒங்க அத்தாவப் பத்திச் சொல்லுவாக. ஃபோர்மேன் ராவுத்தர் இருக்க வரைக்கும் கொடோன்ல ஒரு பொறி பறந்ததில்லன்னு” என்றார். அந்த வாய்ச் சான்று யாருக்கும் தேவைப்படவில்லை. நான் மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

அடுத்ததாக அழைப்புக் கடிதத்தின் நகலைக் கேட்டார்கள். வராத கடிதத்துக்கு நகல்! உங்களிடமே திரும்பி வந்த கடிதம் ஐயா அது, உங்கள் அலமாரியில் பாருங்கள் என்று போனில் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவர் இந்தியில் என்னவோ சொன்னார். நான் தமிழில் என்னவோ சொன்னேன். இரண்டு பேருக்கும் கோபம் மட்டும் புரிந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் உங்கள் இறப்புச் சான்றிதழ் ஒன்றை வைத்து அனுப்பினேன். ஜெராக்ஸ் கடைப் பையன் என்னைப் பார்த்ததும் கேட்காமலே அதை எடுத்து மெஷினில் வைக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. எங்கள் பிரஸ்ஸில் ஒரு தாளில் பிறை தேதி தப்பாகிவிட்டது என்றால் அன்றைக்கே பிளேட் மாற்றி அடித்துவிடுவோம். ஒரு மனிதரைப் பற்றிய ஒரு வரியைத் திருத்த இரண்டு காலண்டர் சீசன் போய்விட்டது.

கடைசியில் எழுத்தர்தான் ஒரு வழி சொன்னார். கூடப் போனவர் யாராவது உயிரோடு இருந்து, சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் நிற்கும் என்றார். அம்மா உடனே சொன்னார், “ஆலங்குளத்துப் பெருமாள்சாமி இருக்காருல்ல?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெயரை நம் வீட்டில் எடுக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே சட்டம். காரணம் கேட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் அவர் எதிரே வந்தபோது, ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் நடந்தது நினைவிருக்கிறது. அப்படி என்ன கொலைக் குற்றம் செய்தார் என்று இப்போதுதான் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். போர் முடிந்து வந்ததும் டீக்கடை டீக்கடையாக உட்கார்ந்து, ‘ராவுத்தருக்கு அழைப்பே வரல. என் கார்டக் காட்டித்தான் அவர நான் பட்டாளத்துக்குள்ள கூட்டிட்டுப் போனேன்’ என்று பெருமையடித்தாராம். உங்களை டிக்கெட் இல்லாமல் வந்தவரைப் போலப் பேசிவிட்டார் என்று உங்களுக்கு ரோஷம். ஆயுசு முழுக்கப் பேச்சு இல்லை. போதுமா அத்தா? ஒரு டீக்கடைப் பேச்சுக்கு ஐம்பது வருஷமா?

நானும் அம்மாவும் ஆலங்குளம் போனோம். சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மகன் வீட்டில் இருக்கிறார். காது சுத்தமாகக் கேட்காது. நான் யார் என்று சொல்லிப் புரிய வைப்பதற்குள் தெருவே கூடிவிட்டது. புரிந்ததும் அவர் எங்களை வாருங்கள் என்றுகூடச் சொல்லாமல் அம்மாவைப் பார்த்துக் கேட்டார். “மௌத்துக்கு ஒரு வார்த்த சொல்லி விடலையே, தங்கச்சி?”

“தப்புத்தாண்ணே” என்றார் அம்மா. அவருக்குக் காதில் விழுந்ததோ, உதட்டைப் பார்த்துப் புரிந்ததோ, முகம் கொஞ்சம் இளகியது. உட்காரச் சொன்னார். மருமகள் கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தார்.

வந்த காரியத்தைக் கத்திக் கத்திச் சொன்னேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். “ஏ தாயி, நான் சொன்னப்ப ஒங்கப்பனுக்குக் கோவம் வந்துச்சு. இப்ப அதையே எழுதிக் கேக்கீகளாக்கும்?” என்றார். தலையாட்டினேன்.

பிறகு அவர் சொன்னதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அவருக்கு வீட்டுக்கே கார்டு வந்துவிட்டது. உங்களைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று திருத்தங்கல் வந்திருக்கிறார். “ஒமக்கு வந்துச்சான்னு கேட்டேன். வரலன்னாரு. அப்ப நீரு பேசாம இரும், வீட்ல புள்ளத்தாச்சி இருக்குன்னு நான்தான் சொன்னேன். ரேடியோவுல கூப்புட்டாகல்ல, அது போதும்னு பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டாரு. அங்க வாசல்ல கார்டு எங்கன்னு கேட்டான். என் கார்டக் காட்டி, ரெண்டு பேரும் ஒரே ஊருப் பக்கம், பட்டாளத்துலயும் ஒரே கம்பெனின்னு சொல்லி உள்ள கூட்டிட்டுப் போனேன். பொய்யா சொன்னேன்?” என்றார். அதனால் உங்கள் பெயரைத் தனியாக, பின்னால் சேர்த்தவர்கள் பட்டியலில் எழுதியிருக்கிறார்கள். குளிர் காலம் முழுக்க இரண்டு பேரும் வெடிமருந்துக் கிடங்குக்குக் காவல் நின்றிருக்கிறீர்கள். ஊரிலும் வெடி, அங்கேயும் வெடி என்று நீங்கள் அலுத்துக்கொள்வீர்களாம்.

நான் மெல்லக் கேட்டேன். மெல்லக் கேட்டால் அவருக்குக் கேட்காது என்பதால் கத்தித்தான் கேட்டேன். “முடிஞ்சு வரும்போது ஒரு காகிதம் கேட்டு வாங்கியிருக்கலாம்ல? ஏன் வாங்கல?”

அவர் அம்மாவைப் பார்த்தார். “எங்களுக்கெல்லாம் கையில குடுத்துட்டான். ராவுத்தரு பேரு தனியா இருந்ததால அவருக்கு மட்டும் ஒரு வாரம் இருந்து வாங்கிட்டுப் போகச் சொன்னான். அதுக்கு முன்னால ஊருல இருந்து கடுதாசி வந்திருந்துச்சு. புள்ள போயிருச்சுன்னு. ‘அவ தனியாக் கெடந்து அழுதுகிட்டு இருப்பா, காகிதத்தத் தபால்ல அனுப்பச் சொல்லு’ன்னுட்டு எங்கூடவே ரயிலேறிட்டாரு. வழி நெடுக ஒரு வார்த்த பேசலயே, தாயி.”

தபாலில் அனுப்பச் சொன்னீர்கள். அதே முகவரிக்கு. அது எங்கே போயிற்றோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

அம்மா கலர் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே இருந்தார். இத்தனை வருஷம் அவருக்கும் இது தெரியாது. கண் கலங்கியதா, இல்லை அந்தப் புரைதானா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில், “ஒரு வாரந்தான? இருந்து வாங்கிட்டே வந்திருக்கலாம் இந்த மனுசன்” என்றார். சொல்லிவிட்டு முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். அத்தா, உங்கள் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

பெருமாள்சாமி வக்கீலிடம் வந்து பத்திரத்தில் எழுதிக் கொடுத்தார். ‘நானும் அவரும் ஒன்றாகப் போனோம்’ என்று மட்டும் போட்டால் போதும் என்றார் வக்கீல். கிழவர் ஒத்துக்கொள்ளவில்லை. ‘என் கார்டைக் காட்டி அவரை நான்தான் உள்ளே அழைத்துச் சென்றேன்’ என்று போட்டால்தான் கையெழுத்து என்றார். போட்டுவிட்டோம். மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஆயுசு முழுக்க ஒத்துக்கொள்ளாத அந்தப் பேச்சு இப்போது முத்திரைத்தாளில் இருக்கிறது. உங்கள் மானத்தைக் காப்பாற்றியதும் அதுதான்.

அனுப்பினோம். காத்திருந்தோம். ஆடி போய் ஆவணி வந்தது. பிரஸ்ஸில் அடுத்த வருஷத்துக் காலண்டர் அச்சேறிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு ஒரு கண் கிட்டத்தட்டத் தெரியவே இல்லை.

போன வாரம், ஃபாத்திஹாவுக்கு முந்தின நாள், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தபால்காரப் பெண் வாசலில் வண்டியை நிறுத்தி உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உங்கள் பெயர், உங்கள் பட்டாளத்து எண்ணோடு, உங்களுக்கே ஒரு ஸ்பீடு போஸ்ட். நான் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் பழக்கமானவர்தான், உங்கள் ஜனாஸா எடுத்த அன்று தெருவோரமாக நின்றவர். கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சங்கடப்பட்டார்.

“அக்கா, அத்தா பேருக்கு வந்திருக்கு. ஆளு இல்லன்னா திருப்பணும்ங்கிறது ரூலு. எறந்துட்டாகன்னு எழுதித் திருப்பிரவா?”

அடுப்படியிலிருந்து அம்மா வந்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுவரைத் தடவிக்கொண்டு, நிலைப்படியில் இடித்துக்கொண்டு வந்தார்.

“திருப்பாத! ஒருதரம் திருப்பினது போதும். இங்கன கதவு தொறந்துதான் இருக்கு.”

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் போனை நீட்டினார். இப்போதெல்லாம் போனிலேயே விரலால் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவுக்குத் திரை தெரியவில்லை. நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். அந்தப் பெண்தான் விரலைப் பிடித்து இடத்தில் வைத்தார். அம்மா நிதானமாகத் தன் பெயரை எழுதினார். எழுதி முடித்து, “வாங்கிட்டேன்னு காட்டுதா?” என்று கேட்டார். காட்டுது அம்மா என்றோம்.

நான் வாசித்தேன். வரி மாறிவிட்டது, அத்தா. ‘அழைப்புக்கு ஆஜரானார். பணி முடித்து முறைப்படி விடுவிக்கப்பட்டார்.’ அம்மா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு இன்னொரு முறை. பிறகு, “சரி, கண்ணு ஆபரேசனுக்கு நாள் கேளு” என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஆனால் கீழே இன்னொரு பத்தி இருந்தது. விடுவிப்புப் புத்தகத்தைப் பெற்றுக்கொள்ள, மேற்படி நபர் உரிய அடையாளச் சான்றுகளுடன் திங்கட்கிழமை விருதுநகர் அலுவலகத்தில் நேரில் ஆஜராக வேண்டுமாம். மேற்படி நபர் என்றால் நீங்கள்! ஜெராக்ஸ் கடையில் அத்தனை இறப்புச் சான்றிதழ் எடுத்தேனே, அவற்றை எல்லாம் எங்கேதான் வைத்தார்கள்? எழுத்தருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது எனக்குக் கேட்டது. “அது எல்லாருக்கும் அடிக்கிற வாசகம், அக்கா. நீங்க அம்மாவக் கூட்டிட்டு, சான்றிதழோட வாங்க. நான் பாத்துக்கிறேன்” என்றார்.

போனை வைத்த பிறகு கோபம் எங்கேயோ போய்விட்டது. யோசித்துப் பார்த்தால், அந்த வருஷம் உங்களுக்கு வந்து சேர வேண்டிய அழைப்பு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. சரியான வீட்டுக்கு. திறந்திருந்த கதவுக்கு.

வருகிற திங்கட்கிழமைக்குப் பிரஸ்ஸில் லீவு சொல்லிவிட்டேன். மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், வைத்துக்கொள்ளட்டும். பெருமாள்சாமி மகனோடு காரில் வருகிறார். வாசலில் கேட்டால் தன் கார்டைக் காட்டி எங்களை உள்ளே கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார். இனி அவர் மேல் கோபம் வேண்டாம், அத்தா. எனக்காக விட்டுவிடுங்கள். போகிற வழியில் கபர்ஸ்தானில் இறங்கி உங்களுக்கும், சுவரோரமாகப் படுத்திருக்கும் அந்தச் சின்னவனுக்கும் ஸலாம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

அங்கே உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள். நீங்கள் வர முடியாது. அவன் இருந்திருந்தால் அவன் போயிருப்பான். கவலைப்படாதீர்கள், அத்தா. கூப்பிட்டதும் நான் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆஜர் என்று சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டாவது பிள்ளை,
ஜமீலா